களஆய்வுக்குப் போகும் மாணவர்களுக்குத் தன்னைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

திருவாரூர் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகப்பணி மாணவர்களுக்கு ஆய்வு முறை எடுக்கிறேன். நேர்காணல், களக்குறிப்பு எல்லாம் பழக்கிவிடலாம். நீங்கள் கேட்டிருப்பதுதான் கடினம். அதைப் பாடமாக நடத்துவதை விட்டுவிட்டேன். என் பழைய நோட்டிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முனைவர் பட்டத்துக்காக நடவு ஆட்களிடம் கூலி பற்றிக் கேட்கப் போனபோது எழுதியது. போன வீட்டில் எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு அந்த அம்மா தரையில் உட்கார்ந்தார். "நீங்க யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்றார். ஊரையும் அப்பா பெயரையும் சொன்னேன். "மூணு வேலி வச்சிருக்காங்களே, அந்த வூடா?" மூணு வேலி என்றால் இருபது ஏக்கர். அதற்குப் பிறகு கூலி பற்றி எதைக் கேட்டாலும் "கொற ஒண்ணும் இல்லம்மா" என்றுதான் பதில் வந்தது. நோட்டில் 'கூலி திருப்தி' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். நாற்காலியைப் பற்றி ஒரு வரி இல்லை, நிலத்தைப் பற்றியும் இல்லை.

இதைப் படித்த பிறகு மாணவர்களிடம் விளக்கம் அதிகம் தேவைப்படுவதில்லை. 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் பற்றியும் சொல்வேன். அக்ரகாரத்தில் தங்கியதால் சேரிப் பக்கம் போய்ப் பழகுவது கடினமானதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

பயிற்சி எளிது. நோட்டின் இடப்பக்கம் அவர்கள் சொன்னது, வலப்பக்கம் எனக்கு நடந்தது: எங்கே உட்கார்ந்தேன், தண்ணீர் கொடுத்தார்களா, குடித்தேனா, எந்தக் கேள்வியை அவசரமாகத் தாண்டினேன். பிறகு ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது தன் குரலையும் ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். எல்லோரும் அடுத்தவர் பதிலை எழுதிவிட்டுத் தன் கேள்வியைச் சுருக்கிவிடுகிறார்கள். "கஷ்டம் ஒண்ணும் இல்லல்ல?" என்று தான் கேட்டதே அப்போதுதான் காதில் விழும்.

நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். அம்மா நடவுக்குப் போகும் ஒரு மாணவியின் பதிவில், "ஒனக்குத் தெரியாததா" என்று பேட்டி கொடுத்த பெண் சொன்னதும் இவள் "ஆமாக்கா" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். தெரிந்தது என்ன என்பது பதிவில் இல்லவே இல்லை. அவள் திரும்பப் போய் அந்த ஒன்றை மட்டும் கேட்டு வந்தாள். முன்பணத்துக்குக் கழிக்கும் கூலி அது. ஆய்வின் முக்கியமான பகுதியாக அதுவே ஆனது.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். வலப்பக்கத்தை வகுப்பில் வாசிக்கச் சொல்லாதீர்கள். ஒரே பெஞ்சில் நிலம் வைத்திருப்பவர் பிள்ளையும் அந்த நிலத்தில் வேலை செய்பவர் பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள். சாதியும் கடனும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். நான் தனியாக வாங்கிப் படித்து, 'அடுத்து யாரைப் பார்க்கப் போகிறாய், எதை மாற்றிக் கேட்பாய்?' என்று மட்டும் பென்சிலில் எழுதிக் கொடுக்கிறேன். மதிப்பெண் போடுவதில்லை. போட்ட வருடம் எல்லோரும் அழகாக வருத்தப்பட்டு எழுதினார்கள், ஒருவர்கூடத் திரும்பப் போகவில்லை.