வண்டி ஓட்டும்போது ஹேண்ட்ஸ்ஃப்ரீயில், அதாவது போனைக் கையில் பிடிக்காமல், பேசுவது பாதுகாப்பானதா? முக்கியமான அழைப்பு வந்தால் என்ன செய்வது?

பாதுகாப்பானதில்லை. கேள்வியைப் பார்த்தால் நீங்கள் அண்மையில்தான் லைசன்ஸ் எடுத்தவர் போலத் தெரிகிறது. வீட்டிலிருந்து அடிக்கடி அழைப்பு வரும், எடுக்காவிட்டால் ஏச்சு விழும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் வான் வைத்து வாடகைக்கு (ஹயர்) ஓடுகிறேன். பெரும்பாலும் கட்டுநாயக்க விமான நிலைய ஓட்டம்தான். விடியற்காலை விமானம் என்றால் முன்னிரவிலேயே புறப்பட வேண்டும். கந்தளாய் தாண்டி ஹபரணை போகும் பாதையில் காட்டு யானைகள் குறுக்கே கடக்கும். இரவில் அந்த வழியால் ஓடியவர்களுக்குத் தெரியும்: மாடு நின்றால் கண் மினுங்கும், தூரத்திலேயே கண்டுவிடலாம். யானை அப்படியில்லை. டிம் லைட்டில் முதலில் தெரிவது கால்கள்தான், அதுவும் தார் நிறத்திலேயே இருக்கும்.

ஒருமுறை கனடாவுக்குத் திரும்பும் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு போகிறேன். போன் விடாமல் அடிக்கிறது. பின்னால் இருந்த அம்மா, "தம்பி, ஆரோ திரும்பத் திரும்ப எடுக்கினம், என்னெண்டு கேளுங்கோவன்" என்றார். "ஹபரணையில நிப்பாட்டிப் பாக்கிறன் அம்மா" என்றேன். அப்புறமும் அடித்தது. "புளூடூத் இருக்குத்தானே அண்ணை" என்றார் அவருடைய மகன். நான் எடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு வளைவில் இடப்பக்கப் பற்றை அசைந்தது. காற்றே இல்லாத இரவு. பிரேக்கில் கால் வைத்து வேகத்தைக் குறைக்க, தனியன் யானை ஒன்று பாதையில் ஏறியது. ஹோர்ன் அடிக்காமல் அப்படியே நிறுத்திக் காத்திருந்தோம். அது வலப்பக்கக் காட்டுக்குள் இறங்கிய பிறகுதான் அந்த அம்மாவுக்குக் குரலே வந்தது.

அழைத்தது யார் தெரியுமா? மறுநாள் ஹயருக்குப் பேசியிருந்தவர். வான் வெள்ளையா சில்வரா என்று கேட்கத்தான் அத்தனை தடவை அடித்திருக்கிறார். போன் எடுக்காத டிரைவர் சரிவராது என்று வேறு வானும் பிடித்துவிட்டார். பிடிக்கட்டும். பேச்சில் மனம் போயிருந்தால் அந்தப் பற்றை அசைந்தது எனக்குப் பட்டிருக்காது.

ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் பிரச்சினையே அதுதான். கை ஸ்டியரிங்கில் இருக்கும், கண் பாதையில் இருக்கும், கவனம் பேச்சில் இருக்கும். போன் பாவிக்கும் சாரதி விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ அப்படியொன்றும் பாதுகாப்பானதில்லை என்றும் சொல்கிறது. மெசேஜ் பார்ப்பது இன்னும் மோசம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி திரையைப் பார்த்தால் வண்டி 50 மீட்டர் போய்விடும். இரவில் திரை வெளிச்சம் பட்ட கண்ணுக்கு வெளி இருட்டும் கூடிவிடும்.

"அப்போ பயணிகளோடு பேசுவதில்லையா?" என்று யாராவது கீழே கேட்பீர்கள். பேசுவேன். பக்கத்தில் இருப்பவருக்கும் பாதை தெரியும். லொறி ஒன்று முந்தினால் அவரே பேச்சை நிறுத்திவிடுவார். போனில் பேசுகிறவருக்கு அது எங்கே தெரியப்போகிறது? தொழில் என்றால் போன் எடுக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: நானும் அந்தத் தொழிலில்தான் குடும்பம் பார்க்கிறேன்.

ஊருக்குள்ளும் இதே கதைதான். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைப் பக்கம் மான் நிற்கிறது என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே படம் எடுக்கிறார்கள். பார்க்க வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு சோறு சுற்றிவந்த லஞ்ச் ஷீட்டையும் அங்கேயே வீசிவிட்டுப் போகிறார்கள். சோற்று வாசத்துக்கு மான்கள் அதையும் சேர்த்தே தின்கின்றன. எங்கள் ஊருக்கே அழகு அந்த மான்கள். குப்பையை வண்டியிலேயே வைத்துக் கொண்டுபோனால் என்ன குறைந்துவிடும்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் வயிறு எரிகிறது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. புறப்படும் முன்பே மேப்பைப் போட்டு, பாட்டையும் வைத்துவிடுங்கள். போனில் டிரைவிங் மோட் இருந்தால் போடுங்கள். அழைப்பவருக்கு அதுவே பதில் அனுப்பும்படியும் வைக்கலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் போனை அவர் கையில் கொடுங்கள். அவசரம் என்றால் ஓரங்கட்டி நிறுத்திப் பேசுங்கள், ஆனால் யானைக் காட்டு நடுவில் வேண்டாம். எல்லாவற்றையும்விட வீட்டாரோடு பேசி வையுங்கள். "எங்க வாறீங்க?" என்று அரை மணிக்கொருதரம் கேட்பது பாசத்தில்தான், ஆனால் அந்தப் பாசமே ஓட்டுகிறவரின் கவனத்தைப் பாதையிலிருந்து இழுத்துவிடுகிறது. நான் கந்தளாயில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது எடுப்பேன், பிறகு ஹபரணையில் எடுப்பேன். இடையில் என் மனைவி அழைப்பதில்லை.

இப்போது ஹயர் பேச வருகிறவர்களிடமும், ஓடும்போது போன் எடுக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்மதம் என்றால் முற்பணம் வாங்குவேன், இல்லையென்றால் வேறு வான் பார்க்கச் சொல்வேன்.