சொகுசு வீடு கட்டும் இளம் பணக்காரர்கள் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்?

கும்பகோணம், திருவையாறு, மன்னார்குடி வட்டாரத்தில் பதினெட்டு வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். இதே கேள்விக்குச் சென்னையில் நீச்சல் குளம், ஜிம், இருபதாவது மாடி என்று பதில் வரலாம். இங்கே முப்பத்தைந்து வயதுக்குள் ஒன்றரைக் கோடி, இரண்டு கோடி போட்டுக் கட்டுகிறவர்களில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ துபாயிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பவர்கள். வருடத்துக்கு நாற்பது நாள் ஊரில் தங்கினால் அதிகம். அதனால் அவர்கள் முதலில் கேட்பது, பூட்டிப் போட்டாலும் கெட்டுப்போகாத வீடு.

அப்பாக்கள் காலத்தில் முகப்புதான் எல்லாம். பஸ்ஸில் போகிறவர் திரும்பிப் பார்க்க வேண்டும். உருண்டைத் தூண், கிரானைட், பெரிய போர்டிகோ. பிள்ளைகள் அந்தச் செலவைப் பாதியாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போடச் சொல்கிறார்கள். எனக்கு இதில் மனதாரச் சந்தோஷம்.

காரணம் இருக்கிறது. 2014இல் வலங்கைமான் பக்கம் ஒரு வீடு கட்டினேன். கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு பூட்டிவிட்டுப் போனார்கள். பத்து மாதம் கழித்துத் திறந்தபோது நானும் கூட நின்றேன். கதவைத் தள்ளியதும் சாக்கடை வாடை. சுவரில் முட்டி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. வீட்டுக்கார அம்மா ஒன்றுமே சொல்லாமல் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். அந்த வீட்டில் நான் விட்ட பிழைகளை அதன் பிறகு எங்கேயும் விட்டதில்லை.

நம்ம பக்கம் பல இடங்களில் களிமண். கோடையில் வெடிக்கும், தண்ணீர் பட்டால் ஊறிப் பருக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நிலத்தடி ஈரமும் ஏறும். அந்த ஈரம் மண்ணிலும் செங்கலிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள் ஏறி, வெளியே வந்து காயும்போது உப்பு மட்டும் சுவரில் தங்கிவிடும். பூட்டிய வீட்டில் காற்றோட்டம் இல்லாததால் உள்ளே ஈரம் தேங்கி இன்னும் மோசம். ஆகவே அஸ்திவாரத்தை மண் பரிசோதனைக்குப் பிறகுதான் முடிவு செய்யணும். தளமட்டத்தைத் தெருவைவிட மூன்றடி தூக்கணும். பிளின்த் பீமுக்கு, அதாவது தளமட்டத்தில் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரத்துக்கு மேலே, ஈரம் ஏறாமல் மறிக்கும் ஓதத்தடுப்பு அடுக்கு வைக்காமல் ஒரு செங்கல்கூட ஏறக் கூடாது.

அந்தச் சாக்கடை வாடைக்குக் காரணம் ரொம்பச் சின்னது. பாத்ரூம் தரைச் சல்லடைக்குக் கீழே இருக்கும் நகானி டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் வாடையைத் தடுப்பது. ஒன்றிரண்டு மாதம் யாரும் புழங்காவிட்டால் அது வற்றிவிடும், கரப்பானும் ஏறி வரும். பூட்டிப் போகும்போது ஒவ்வொரு சல்லடையிலும் ஒரு சொம்பு தண்ணீரும் மேலே ஒரு கரண்டி எண்ணெயும் ஊற்றச் சொல்கிறேன். எண்ணெய் படலமாக மிதப்பதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

அடுத்தது கரண்ட். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் அப்பா அம்மாவிடம் போனில்கூடப் பேச முடியாமல் தவித்தார்கள். பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. அதை நேரில் பட்டவர்கள் சோலார் கேட்கிறார்கள். ஆனால் ஒன்றைப் பலர் தெரிந்துகொள்வதில்லை: மின்வாரிய லைனோடு இணைத்து ஓடும் சாதாரண ஆன்கிரிட் சோலார், லைன் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர் மேல் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். புயலுக்கும் ஓட வேண்டுமென்றால் லைன் இல்லாதபோதும் பேட்டரியோடு சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் இன்வர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். 3 கிலோவாட் போட்டால் நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் வாக்கில் கிடைக்கும். 2024இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம்; ஆனால் பேட்டரிச் செலவு தனி.

வேலை பார்க்க ஒரு தனி அறை, இரண்டு கம்பெனி இன்டர்நெட், டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் உள்ள மனை, இதெல்லாம் இப்போது பேச்சுக்கே இடமில்லாமல் எல்லோரும் கேட்பது. தரைத்தளத்தில் அப்பா அம்மாவுக்கு அறை, வாசல்படி தடுக்காத பாத்ரூம், கைப்பிடி, வழுக்காத டைல்ஸ் ஆகியவற்றை என்னிடம் முதலில் எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் மகள்கள்தான்.

அப்புறம் முற்றம். எல்லோருக்கும் முற்றம் வேண்டும், ஆனால் மேலே கண்ணாடி போட்டு மூடியும் வேண்டும். மூடினால் சூடான காற்று மேலே போக வழியில்லை, வெயில் மட்டும் உள்ளே இறங்கும். மே மாதத்தில் கூடம் அடுப்பாகிவிடும். திருவையாற்றில் ஒரு வீட்டுக்கு இதையே சொல்லித் திறந்த முற்றம் கேட்டேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "முத்தமே வேணாம் தம்பி. அம்பது வருஷம் அதுல வழுக்கி விழாம நடந்ததே பெரிசு" என்றார். மகள் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் மேலே இரும்புக் கம்பி வலை, தரையில் சொரசொரப்பான கல், சுற்றிலும் தாழ்வாரம், மழைத்தண்ணீர் போக ஆறங்குலக் குழாய் இரண்டு என்று முடிவானது. ஒன்று இலை அடைத்தாலும் இன்னொன்று ஓடும்.

போன ஐப்பசியில் மகளின் பிரசவத்துக்காகப் பெரியவர்கள் சிங்கப்பூர் போயிருந்தார்கள். வீடு பூட்டு. மூன்று நாள் விடாத மழை. எனக்கும் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலையில் கேமராவில் பார்த்துவிட்டு அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: "அண்ணா, முற்றத்துல சொட்டுத் தண்ணி நிக்கல. அப்பாகிட்டயும் காட்டிட்டேன்."