வாசகர் கேள்வி: படகு கட்டும் மேசை

கேள்வி: வீட்டுக் கார் கொட்டகையில் 12 அடி நீளத் துடுப்புப் படகொன்றை 6 மி.மீ. பிளைவுட்டில் கட்ட எண்ணியுள்ளேன். பெரியதொரு தச்சு மேசை செய்தால் போதுமா? அதன் உயரமும் அகலமும் எவ்வளவு இருக்க வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பலகை அறுப்பதற்கு இடுப்பளவு உயர மேசை வசதியானது, ஆனால் படகைக் கோப்பதற்கு அது உதவாது. இத்தகைய படகைப் பெரும்பாலும் கவிழ்த்த நிலையில் கட்டுவதால், கை எட்டும்படி ஒன்றரை முதல் இரண்டடி உயரமுள்ள, ஏணி போன்ற சட்டமே ஏற்றது. அது படகைவிட ஓரடி நீளமாகவும், சுற்றிலும் நின்று வேலை செய்ய ஏதுவாகப் படகைவிடக் குறுகலாகவும் இருக்கட்டும். இரண்டடி அகலம் தாராளம்.

சட்டத்தின் வலிமையைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் அஞ்ச வேண்டியது முறுக்கத்தைத்தான். சட்டத்தில் உள்ள முறுக்கம் அப்படியே படகுக்கும் இறங்கும். எபாக்சி என்னும் இருகலவைப் பசை இறுகிய பின் அதை நிமிர்த்த வழியில்லை. ஆகவே நீளச் சட்டங்களுக்கு, மழைக்கால ஈரத்தில் வளையக்கூடிய முழுமரத்தைத் தவிர்த்து, 18 மி.மீ. பிளைவுட்டை 6 அங்குல அகலத்தில் கிழித்து, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளுங்கள். குறுக்குச் சட்டங்களை, வரைபடத்தில் படகின் உள்சட்டங்கள் நிற்கும் இடங்களிலேயே பொருத்த வேண்டும்.

கார் கொட்டகையின் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்தே போடப்பட்டிருக்கும் என்பதால், தரையை நம்பாமல், கொத்தனார்கள் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் நான்கு மூலைகளின் மட்டத்தையும் பார்த்து, கால்களின் அடியில் ஆப்பு வைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு மூலைக்கு மூலை இரண்டு நைலான் நரம்புகளை, ஒரே உயரத்தில், குறுக்காக இழுத்துக் கட்டிப் பாருங்கள். அவை நடுவில் உரசியும் உரசாமலும் தொட்டுக்கொண்டால் முறுக்கம் இல்லை. இடைவெளி விட்டாலோ, ஒன்றை மற்றொன்று அழுத்தினாலோ ஏதோ ஒரு மூலை ஏறியோ இறங்கியோ நிற்கிறது. மேலே கிடந்த நரம்பைக் கீழே மாற்றிக் கட்டி மறுபடியும் பார்ப்பது நல்லது. பசை பூசும் நாளன்று காலையிலும் இதைச் செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்கு மாற்று இல்லை. நடுக்கோட்டுக்கும் ஒரு நரம்பு கட்டி, ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் அதற்குச் செங்கோணமாக உள்ளதா என்று 3, 4, 5 அடிக் கணக்கில் (இரு பக்கங்களில் 3 அடியும் 4 அடியும் குறித்தால், குறிகளுக்கு இடையே சரியாக 5 அடி வர வேண்டும்) சரிபாருங்கள்.

எபாக்சி சொட்டும் இடங்களில் பிளாஸ்டிக் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் படகு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளாது. 8 அடிப் பலகைகளை இணைத்தே 12 அடி பெற வேண்டியிருப்பதால், தடிமனைப் போல் எட்டு மடங்கு, அதாவது 48 மி.மீ. நீளத்துக்குப் பலகை முனைகளைச் சரிவாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டும் வேலைக்குத்தான் உங்கள் தச்சு மேசை தேவைப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், படகின் முழு அகலத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, கொட்டகைத் தூண்களுக்கு நடுவேயும் வாசல் கேட்டிலும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள். படகைப் பக்கவாட்டில் சாய்த்தாவது வெளியே கொண்டுபோக முடிய வேண்டும்.