கையெழுத்துப் போடும் முன்: வேலை, கடை வாடகை, குடும்ப வழக்குக் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞர் பதில்

கேள்வி: தனியார் நிறுவனத்தில் 8 வருடம் 4 மாதம் வேலை பார்த்து ராஜினாமா செய்தேன். "நீங்களாகப் போனதால் கிராஜுவிட்டி கிடையாது" என்கிறார்கள். கடைசி அடிப்படைச் சம்பளம் 26,000. செட்டில்மென்ட் தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள் சார்.

அவர்கள் சொல்வது தவறு. நிறுவனத்தில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்து, நீங்கள் 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் உங்களுக்கு 15,000. அதை 8 வருடத்துக்குக் கணக்கிட்டால் 1,20,000. மிச்சமுள்ள மாதங்கள் ஆறைத் தாண்டியிருந்தால் அதையும் முழு வருடமாகக் கணக்கிட்டிருப்பார்கள். 30 நாளுக்குள் தரவேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு போடுங்கள்.

"எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் பணம் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டிய நிலை என்றால், "பணிக்கொடை பெறவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நகராட்சிக்குள் சின்னக் கடை வைத்திருக்கிறேன் அண்ணா. ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே ஓனர் வாடகையை ஏற்றச் சொன்னார். மறுத்ததும் கரண்டைத் துண்டித்துவிட்டார். வாடகையை நிறுத்திவிடலாமா?

கோபம் நியாயம்தான் தம்பி, ஆனால் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். அந்தப் பாக்கியே உங்களைக் காலி செய்ய அவருக்குக் காரணமாகிவிடும். மாதாமாதம் வங்கி வழியாக அனுப்புங்கள்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் வீட்டைப் போலவே கடைக்கும் பொருந்தும். தொழிற்சாலைக் கட்டடத்துக்குத்தான் பொருந்தாது. அதன் 20-வது பிரிவு மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்கிறது. கரண்ட் கனெக்‌ஷன் அவர் பெயரில் இருந்தாலும் இதே விதிதான். துண்டித்த தேதி, மீட்டர் படம், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் சேர்த்து வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்க அவர் உத்தரவிடலாம். ஓனர் பூட்டுப் போட வந்தாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காலி செய்ய வைக்க முடியாது.

இன்னொன்று, "11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு வேண்டாம்" என்று பலர் நம்புகிறார்கள். இந்தச் சட்டப்படி 11 மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தமே எழுதாமல் விட்டால், காலி செய்யக் கேட்க அதுவே காரணமாகலாம். உங்களுடையது பதிவானதா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: எனக்கு 1985-ல் கல்யாணம் ஆனது. "1989-க்கு முன் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை" என்கிறார் தம்பி. உண்மையா?

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்த திருத்தம் அப்படித்தான் இருந்தது அம்மா. 2005-ல் மத்திய அரசு செய்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. அந்தத் திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது. ஆனால் 20.12.2004-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றம் மூலமோ பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைக் கிளற முடியாது. அதனால் முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள். அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தாக இருந்து, உயிலும் எழுதாமல் போயிருந்தால், உங்களுக்கும் தம்பிக்கும் சம பங்கு. விடுதலைப் பத்திரம் (உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்) என்று எதையாவது நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

கேள்வி: பரஸ்பர விவாகரத்துக்கு ஆறு மாதம் காத்திருந்தே ஆகவேண்டுமா?

எப்போதும் இல்லை. சமரசத்துக்கு வாய்ப்பே இல்லை, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் தீர்ந்துவிட்டன என்றால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் (2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு). ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை.

கேள்வி: ஜீவனாம்சம் கேட்டதும் கணவர் வேலையை விட்டுவிட்டார். வழக்கு நடத்த என்னிடம் பணமும் இல்லை.

உடல்நலத்தோடு சம்பாதிக்கக் கூடியவர் வேலையை விட்டதாலேயே தப்பிவிட முடியாது. இருவருமே வருமானம், சொத்து பற்றிப் பிரமாண வாக்குமூலம் கொடுக்கவேண்டும். அவருடைய பழைய சம்பளச் சீட்டு, வங்கி விவரம் எது கையில் இருந்தாலும் எடுத்து வையுங்கள். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.