ஃபண்டிங் வாங்காம சாஃப்ட்வேர் கம்பெனி நடத்த முடியுமா?

கேள்வி: நானும் என் ஃப்ரெண்டும் மெடிக்கல் ஷாப்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செஞ்சு விக்கிறோம். ஒரே தடவை 8,000 ரூபா வாங்கிட்டு போட்டுக் குடுத்துடுவோம். 60 கடை ஆச்சு, ஆனா கையில காசு நிக்கல. தெரிஞ்சவர் ஒருத்தர் 15 லட்சம் போடறேன், 20 பர்சன்ட் ஷேர் குடுங்கன்னு கேக்குறாரு. வாங்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: இப்போதைக்கு வேண்டாங்க. உங்களுக்கு முதல் பத்தாம போகல, நீங்க காசு வாங்குற முறைதான் தப்பா இருக்கு. ஒரு தடவை வித்துட்டு காலம்பூரா சும்மா சப்போர்ட் குடுத்தா, கடை கூடக்கூட வேலைதான் கூடும், வருமானம் கூடாது. 2025 செப்டம்பர் 22ல பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 பர்சன்ட்லேர்ந்து 5 ஆச்சுல்ல, அன்னைக்கு 60 கடையும் உங்களுக்குத்தான் போன் போட்டிருப்பாங்க, அத்தனை பேருக்கும் ஓசியில மாத்திக் குடுத்திருப்பீங்க. அந்த வேலைக்குத்தான் ஏ.எம்.சி.ன்னு ஒண்ணு இருக்கு, அதாவது வருஷத்துக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு சப்போர்ட் குடுக்கிற பராமரிப்பு ஒப்பந்தம். கடைக்கு வருஷம் 4,000 வைங்க, வருஷ ஆரம்பத்துலயே வாங்கிடுங்க. 60 கடையும் ஒத்துக்கிட்டா 2,40,000 வரும், 200 கடை ஆனா 8 லட்சம், அதுவும் வருஷா வருஷம். சில பேர் முடியாதும்பாங்க, போகட்டும், விட்டுடுங்க. பழைய கஸ்டமருக்கு மட்டும் மூணு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க, அதுதான் மரியாதை. ஆனா ஒண்ணு, முன்கூட்டியே வர்ற காசு முழுக்க உங்க காசு இல்ல, இன்னும் பன்னெண்டு மாசம் வேலை பாக்க வேண்டியிருக்கு, அதை எடுத்து பைக் வாங்கிடாதீங்க. வருஷ டர்ன்ஓவர் 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதியணும், கஸ்டமர்கிட்ட வாங்குற அந்த 18 பர்சன்ட் வரியை தனி அக்கவுண்ட்லயே வைங்க.

இன்னொன்னு, 15 லட்சத்துக்கு 20 பர்சன்ட்னா உங்க கம்பெனியோட மொத்த மதிப்பே 75 லட்சம்னு ஆகுது. ஏ.எம்.சி. ரெண்டு வருஷம் ஒழுங்கா வந்தப்புறம் அவரே இந்த கணக்கை வேற மாதிரி போடுவார்.

கேள்வி: ஜோஹோ முதலீடு வாங்காம வளர்ந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது அந்தக் காலம், இப்ப நடக்குமா? – வாசகி, தாம்பரம்

பதில்: அந்தக் காலமும் சுலபமா இல்லைங்க. ஸ்ரீதர் வேம்புவும் அவர்கூட சேர்ந்தவங்களும் 1996ல இதே ஜோஹோவை அட்வென்ட்நெட்ங்குற பேர்ல ஆரம்பிச்சப்ப ஆன்லைன் ஆபீஸ் சாஃப்ட்வேர் எதுவும் செய்யல, நெட்வொர்க் கருவி தயாரிக்கிற கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் வித்தாங்க. 2000-01ல இன்டர்நெட் கம்பெனிகள் வரிசையா விழுந்த டாட்காம் சரிவு வந்தப்ப அந்த கஸ்டமர்களே அடிபட்டுட்டாங்க. அப்பதான் கம்பெனிகளோட ஐ.டி. டிபார்ட்மென்ட்டுக்கு நேரடியா விக்கிற மேனேஜ்என்ஜின் பக்கம் போனாங்க, ஜோஹோங்குற பேர் வந்தது 2005ல, கம்பெனி பேரையே அப்படி மாத்தினது 2009ல. இதுல நான் முக்கியமா பாக்குறது, ஒரு பொருள்ல வந்த லாபம்தான் அடுத்த பொருளுக்கு முதல், அதனால பொறுமையா செய்ய முடிஞ்சுது, எப்ப காசைத் திருப்பித் தருவீங்கன்னு கேக்க வெளியாள் யாரும் இல்ல. இப்ப சர்வர் மாச வாடகைக்கே கிடைக்குது, அதனால ஆரம்பிக்கிறது அப்பவிட சுலபம்தான், போட்டிதான் அதிகம். அதுக்காக எல்லா தொழிலும் இப்படி முடியும்னு சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கான பேர் சேர்ந்தாத்தான் பிரயோஜனம்ங்குற மாதிரி ஆப்புக்கு வெளிக்காசு இல்லாம கஷ்டம்.

கேள்வி: முதல்ல ஃப்ரீயா குடுத்து ஆள் சேத்துட்டு அப்புறம் காசு கேக்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: கையில காசு இல்லாதவங்க செய்யக்கூடாத வேலை அது. அமெரிக்காவுல அட்லாண்டாவுல, கம்பெனிகள் தங்க கஸ்டமர்களுக்கு மொத்தமா இமெயில் அனுப்ப உதவுற மெயில்சிம்ப் 2001ல ஒரு வெப் டிசைன் கம்பெனியோட பக்கத் தொழிலா ஆரம்பிச்சது, இலவச பிளான் கொண்டுவந்தது 2009லதான். அதுவரைக்கும் காசு குடுத்த கஸ்டமர்கள் தாங்குனாங்க. வெளி முதலீடே வாங்காம நடத்தி, 2021ல சுமார் 12 பில்லியன் டாலருக்கு இன்ட்யூட்ங்குற கணக்கு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வித்தாங்க. நீங்க முதல்ல பத்து பேர்கிட்ட காசு வாங்கிப் பாருங்க, அவங்க அடுத்த வருஷமும் ரினீவல் பண்றாங்களான்னு பாருங்க, இலவசத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.