கிளாசிக் கார் காப்பீடு: பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டால் போதுமா?

போதாது. பழைய, அரிய கார்களுக்கான இந்தப் பாலிசிகள் மலிவாக இருப்பதற்குக் காரணமே கட்டுப்பாடுகள்தான்: வண்டி குறைவாக ஓட வேண்டும், பூட்டிய ஷெட்டில் நிற்க வேண்டும், அன்றாடப் பயணத்துக்கு வேறு கார் இருக்க வேண்டும். தினமும் வேலைக்கு ஓட்டிப்போய் அடிபட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

முதலில் பார்க்க வேண்டியது மதிப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை. 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்றால், வண்டி முழுதாக அழிந்தால் பாலிசியில் எழுதிய தொகை தேய்மானம் கழிக்காமல் வரும். 'அறிவித்த மதிப்பு' கேட்க அதேபோல் இருக்கும்; ஆனால் பெரும்பாலும் அது உச்சவரம்பு மட்டுமே. சந்தை விலை குறைவென்றால் அதைத்தான் தருவார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

ரெஸ்டோரேஷன் (பழைய வண்டியைப் புதுப்பிக்கும் வேலை) முடிந்ததும் ரசீதுகள், புதிய படங்களோடு மதிப்பை உயர்த்தச் சொல்லுங்கள். கழற்றி வைத்த உதிரி பாகங்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பந்தய ஓட்டத்துக்குப் பொதுவாகப் பாதுகாப்பு கிடையாது.