தீபாவளிக்கு மட்டும் வரும் மூன்று பேர் கணக்கில் சேருவார்களா?

கேள்வி: கோவையில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு மசாலாப் பொடி அரைத்து, பெரும்பாலும் ஆன்லைன் ஆர்டரில் விற்கிறேன். நிரந்தரமாக எட்டுப் பேர். சூப்பர்வைசருக்கு மாதம் 24,000 ரூபாய். மற்ற ஏழு பேருக்கும் சராசரியாக 14,000. தீபாவளியை ஒட்டி மூன்று வாரம் மட்டும் மூன்று பெண்கள் தினக்கூலிக்குப் பொட்டலம் போட வருவார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை ஒரு பெண் தன் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறார். அவருக்கு மாதம் 9,000. ஊழியர் மருத்துவக் காப்பீடு பற்றிய விளம்பரம் ஒன்றைப் பார்த்து என் எண்ணைக் கொடுத்தேன். அழைத்துப் பேசியவர், ‘ஆளுக்கு ஆண்டுக்கு 4,800 ரூபாய்தான், இப்போது ஜி.எஸ்.டி.யும் கிடையாது, இதை எடுத்தால் இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீடு) தேவையில்லை; தீபாவளி ஆட்களை எங்களுடைய இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் காட்டிவிடலாம்’ என்கிறார். எடுக்கலாமா, ஐயா?

பதில்: எடுக்காதீர்கள். அந்த மனிதர் கையால் எதையுமே எடுக்காதீர்கள். அவர் சொன்ன நான்கு விஷயங்களில் விலை ஒன்றுதான் உண்மையாக இருக்கக்கூடும்.

முதலில் தலைக் கணக்கு. ஒரு நிறுவனம் இ.எஸ்.ஐ.யில் கட்டாயம் சேரப் பத்துப் பேர் என்பது வரம்பு. பலரும் இதை ‘பத்து நிரந்தர ஊழியர்’ என்று தாங்களாகவே திருத்திப் படித்துக்கொள்கிறார்கள். இந்த வரம்பைச் சொல்லும் விதியில் நிரந்தரம் என்ற சொல்லே கிடையாது. 1948-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் கூலிக்கு வேலை செய்திருந்தால் போதும், அது தொழிற்சாலை. தினக்கூலி ஆளும் தலைதான், ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆளும் தலைதான். உங்கள் எட்டோடு தீபாவளி மூன்றைச் சேர்த்தால் பதினொன்று. 2025 நவம்பர் 21-ம் தேதி முதல் அதற்குப் பதிலாகப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதிலும் பத்து என்ற எண் மாறவில்லை. ஒருமுறை உள்ளே வந்த நிறுவனம், பிறகு ஆட்கள் குறைந்தாலும் உள்ளேயேதான் இருக்க வேண்டும் என்பதும் மாறவில்லை. தீபாவளி முடிந்ததும் எட்டுக்குத் திரும்பிவிட்டோம் என்று நிம்மதி அடைய வழியில்லை.

‘எங்களுடையது சீசன் தொழில், சீசன் தொழிற்சாலைக்கு விலக்கு உண்டாமே’ என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். விலக்கு உண்டு. பஞ்சு அரைவை, தேயிலை, சர்க்கரை போன்ற சில தொழில்களுக்கானது அது. ஆண்டு முழுவதும் மிளகாய் அரைத்துவிட்டு ஐப்பசியில் மட்டும் கூடுதலாக அரைப்பவருக்கு அது பொருந்தாது.

இன்ஸ்டாகிராம் பெண் விஷயம் சற்று வேறு. அவர் உங்களைப் போல ஐந்தாறு கடைகளுக்குப் பக்கம் நடத்தி, தன் பெயரில் பில் கொடுத்துப் பணம் வாங்குகிறார் என்றால் அவர் தனித் தொழில் செய்பவர். உங்கள் கணக்கில் வரமாட்டார். காலை பத்து முதல் மாலை ஆறு வரை உங்கள் வேலையை மட்டும், உங்கள் சொல்படி, மாதச் சம்பளத்துக்குச் செய்கிறார் என்றால், எங்கே உட்கார்ந்து செய்தாலும் அவர் உங்கள் ஊழியர். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது.

இப்போது விலை. சூப்பர்வைசரைப் பிறகு பார்ப்போம்; மற்ற ஏழு பேருக்கு ஆளுக்கு 4,800 என்றால் 33,600 ரூபாய். ஜி.எஸ்.டி. கிடையாது என்றார் அல்லவா? 2025 செப்டம்பர் 22 முதல் வரி நீங்கியது தனிநபரும் குடும்பமும் எடுக்கும் பாலிசிகளுக்குத்தான். நிறுவனம் எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஆக 39,648. இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். ஏழு பேரின் மாதச் சம்பளம் 98,000. உங்கள் பங்கு மாதம் 3,185, ஆண்டுக்கு 38,220. மலிவு என்று அவர் விற்க வந்தது எந்த வகையில் மலிவு என்று எனக்குப் புரியவில்லை.

கிடைப்பதையும் பாருங்கள். சாதாரணக் குழுக் காப்பீடு மருத்துவமனையில் படுத்தால்தான் பேசும். உங்கள் பல்வரைசரில் (அரைவை இயந்திரத்தில்) ஒரு தொழிலாளியின் விரல் சிக்கினால் ஆஸ்பத்திரி பில்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கை ஆறும்வரை அவர் வீட்டில் யார் அரிசி வாங்குவது? இ.எஸ்.ஐ.யில் வேலைக்கு வர முடியாத காலம் முழுவதும் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரும். நிரந்தர ஊனம் என்றால் அதற்கேற்ற மாதத் தொகை. இறந்துவிட்டால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் போல மாதாமாதம். வேலையில் நேர்ந்த காயத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு. இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. மகப்பேறுக்கு 26 வாரச் சம்பளம் இருக்கிறது. காய்ச்சல், டைபாய்டு என்று விடுப்பு எடுத்தால் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. இதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. இல்லாமல் விபத்து நடந்தால் இழப்பீட்டுத் தொகை முழுவதும் முதலாளியின் தலையில் விழும். ஷெட்டை விற்றுக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இ.எஸ்.ஐ.யைப் புகழ்ந்து பாட எனக்கு ஆசையில்லை. முப்பது ஆண்டாக இந்த அலுவலகங்களின் படியேறி இறங்குகிறவன். மருந்தகத்தில் ‘இந்த மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்’ என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போக ஒரு பரிந்துரைக் கடிதத்துக்காக ஒரு நாள் கூலியை இழந்து நிற்க வேண்டும். ஒரு கிளை அலுவலகத்தில், இடது கை கட்டோடு நின்றவரிடம் விபத்து நடந்ததற்கு ஆதாரம் கேட்ட கதை என்னிடம் இருக்கிறது. தீபாவளிக்கு மூன்று வாரம் வருகிற உங்கள் பெண்களிடமும் சந்தா பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் நோய்க்கால உதவிக்கு 78 நாள் கட்டியிருக்க வேண்டும் என்பதால் அவர்களுக்கு அந்த உதவி வராது. இந்த விதியை எழுதியவர் தினக்கூலி ஆளைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். இத்தனை குறையோடும் அந்த விரல் சிக்கிய நாளில் இதுதான் உதவும்.

சரி, இனி அந்த இடைத்தரகருக்கு வருகிறேன். நீங்களே ஆன்லைனில் சாம்பார் பொடி விளம்பரம் போடுகிறவர். எண்ணை வாங்கும் படிவம் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நீங்கள் நிரப்பிய ஒரு படிவம் நாலைந்து பேரிடம் விற்கப்பட்டிருக்கும். அடுத்த வாரம் வேறு குரல் அழைக்கும்.

‘இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் காட்டிவிடலாம்’ என்பது ஆலோசனை அல்ல, மோசடி. தீபாவளிக்கு வரும் ஒரு பெண்ணுக்கு உங்கள் ஷெட்டில் காயம் பட்டால், விபத்து அறிக்கையை யார் கொடுப்பார்? பதிவேட்டில் அவள் இருப்பதோ எங்கோ உள்ள, ஒருவேளை கதவே இல்லாத நிறுவனத்தில். விசாரணைக்கு வருகிற அதிகாரி இரண்டு கேள்வி கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. இழப்பீடு உங்களிடம் வந்து நிற்கும். பொய்த் தகவலுக்கான வழக்கு தனி.

நேர்மையான கன்சல்டன்ட்களும் இருக்கிறார்கள். மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒழுங்காக வேலை செய்கிறார்கள். அவர்களிடம் கொடுத்தாலும் மூன்று விஷயங்களில் கண் வையுங்கள்.

இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. பதினேழு இலக்க எண் உங்களுக்குக் கிடைக்கும். ‘மேலே கொடுக்க வேண்டும்’ என்று யாராவது கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

பதிவில் போடும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். இதை நான் பத்துத் தடவை சொல்லுவேன். கன்சல்டன்ட் தன் எண்ணைப் போட்டுவிடுவார், வசதிக்காக என்பார். நோட்டீஸ் அவருக்குப் போகும். அவர் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டாலோ, கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாலோ, உங்கள் நிறுவனத்துக்குள் நீங்களே நுழைய முடியாது. கடவுச்சொல்லை மாற்ற வரும் ஓ.டி.பி. அவர் கையில். இப்படிச் சிக்கியவர்கள் வாரம் ஒருவராவது என்னிடம் வருகிறார்கள்.

மூன்றாவது, சலான். சலான் உருவாக்குவது வேறு, பணம் கட்டுவது வேறு. பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, வெறுமனே உருவாக்கிய சலானைப் பிரின்ட் எடுத்துக் காட்டுவார்கள். அதில் உங்கள் பெயரும் தொகையும் அழகாக இருக்கும். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நீங்களே கட்டுங்கள். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். பதினைந்தாம் தேதி மாலை சர்வர் மூச்சு வாங்கும். எத்தனை ஆண்டாயிற்று, இன்னும் சரியாகவில்லை. பத்தாம் தேதியே முடித்துவிடுங்கள்.

இனி உங்கள் சூப்பர்வைசர். இங்கேதான் அதிகக் குழப்பம், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. அவர் தலைக் கணக்கில் சேருவார், சந்தாவில் சேரமாட்டார். ஆகவே 24,000 வாங்கும் இவருக்கு ஒரு மருத்துவ பாலிசி எடுத்துக் கொடுப்பது நியாயமான யோசனை. அவர் தன் பெயரில் குடும்ப பாலிசியாக எடுத்து, நீங்கள் தொகையைக் கொடுத்தால் ஜி.எஸ்.டி.யும் மிச்சம்.

ஆனால் வரம்பைத் தாண்டும் நேரம்தான் சிக்கல். சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. 20,500 வாங்கும் ஒருவருக்கு ஜூலையில் 22,000 ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வரம்பு தாண்டிவிட்டது’ என்று ஜூலையிலேயே நிறுத்தக்கூடாது. செப்டம்பர் முடிய கட்ட வேண்டும். அதுவும் 21,000-க்கு அல்ல, முழு 22,000-க்கும். உங்கள் பங்கு 715, அவர் பங்கு 165. அக்டோபரிலிருந்து அவர் வெளியே. வெளியே போனாலும், அந்தக் காலத்தில் 78 நாள் கட்டியிருந்தால் அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை அவருக்குப் பலன் உண்டு. இதைத் தொழிலாளியிடம் யாரும் சொல்வதில்லை. 2025 நவம்பர் வரை, பழைய சட்டத்தில், ஓவர்டைம் இன்னொரு கூத்தாக இருந்தது. 20,000 சம்பளத்தோடு 2,500 ஓவர்டைம் வாங்கியவருக்கு, வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் சேரவில்லை, ஆகவே அவர் உள்ளேதான் இருந்தார். சந்தா பிடிக்கும்போது மட்டும் ஓவர்டைம் சேர்ந்தது, 22,500-க்குக் கட்ட வேண்டியிருந்தது. ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். சம்பளத்தைத் தாளில் மட்டும் 21,100 என்று ஏற்றி ஆளை வெளியே தள்ளும் யோசனையையும் யாராவது விற்க வருவார்கள். வங்கிக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, போன தீபாவளியிலும் பதினொரு பேர் இருந்திருந்தால் கடமை அன்றே தொடங்கிவிட்டது. இன்றைய தேதியைப் போட்டுப் பதிவு செய்து பழையதை மறைக்கலாம் என்று சொல்வார்கள், வேண்டாம். உண்மைத் தேதியிலேயே பதிவு செய்து நிலுவையைக் கட்டுங்கள். ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி விழும். வலிக்கும், ஆனால் கணக்குப் போட்டால் ஓர் ஆர்டர் சீசனில் அடங்கும் தொகைதான். பழைய மாதங்களுக்கான தொழிலாளி பங்கையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இந்த மாதச் சம்பளத்தில் பிடித்தால் அது தனிக் குற்றம். அந்த மூன்று பெண்களின் தீபாவளிக் கூலிச் சீட்டுகள் எங்காவது இருந்தால் எடுத்துக் கோப்பில் வையுங்கள். அவர்களின் ஆதார் நகலையும் இந்த ஆண்டு வேலைக்கு வரும் முதல் நாள் காலையிலேயே வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். பல்வரைசர் பக்கம் விடுவது அதற்குப் பிறகுதான்.